பாடமாக்கினதும் விளங்கினதும்: இரண்டு கிரகணங்களும் ஒரு இராகப் பெயரும்

உயர்தரத்தில் எங்களில் மூன்று பேர் ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ எடுத்தனாங்கள். நியாயம் காட்டிச் சிந்திக்கிறது எப்படி என்று படிப்பிக்கிற பாடம் அது. அதை நாங்கள் படித்த விதத்தை இப்ப சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெறுகைகளை வரி வரியாகப் பாடமாக்கினோம். போன ரியூசனில் கடந்தகால வினாத்தாள்களின் விடைகளைப் போட்டோக்கொப்பி அடித்துத் தந்தார்கள். எடுகூற்று, எடுகூற்று, எடுகோள், பிறகு நாலாம் வரி, ஐந்தாம் வரி. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்ப்போம்.

ஒருநாள் மாதிரிப் பரீட்சையில் சேர் எழுத்துகளை மாற்றி, எடுகூற்றுகளின் ஒழுங்கையும் மாற்றிப் போட்டுவிட்டார். கணக்கு அதே கணக்குத்தான். எங்களில் ஒராளுக்கு மூன்றாம் வரிக்கு மேலே போக ஏலவில்லை. மணி அடிக்கும்வரை அந்த மூன்று வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வெளியில் வந்து சொன்னது: “எல்லாம் தெரியும் மச்சான், ஆனா ஒண்டும் தெரியாது.”

‘பாடமாக்கிறது’ என்ற சொல்லை எங்கட ஊரில் இரண்டு மாதிரிப் பாவிப்பார்கள். ஐந்து வயதில் தேவாரம் பாடமாக்கின பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. “அவன் பாடமாக்கிப் பாஸ் பண்ணினவன்” என்றால் அது வசை. ஒரே சொல் எப்படி மெச்சவும் ஏசவும் பயன்படுகிறது? பல்கலைக்கழகத்துக்கு வந்து உளவியல் அறிமுகமும் வரலாறும் படிக்கத் தொடங்கின பிறகும் இந்தக் கேள்வி எங்களை விடவில்லை. அதற்கான வழி ஒன்று கிடைத்தது வகுப்பறையில் இல்லை, மருதனார்மடத்தில்.

மருதனார்மடத்தில் ஒரு பின்னேரம்

திருநெல்வேலியில் இருந்து கொக்குவில், தாவடி, இணுவில் தாண்டி காங்கேசன்துறை வீதியால் சைக்கிளில் போனால் மருதனார்மடச் சந்தி. சந்தை, ஆஞ்சநேயர் கோயில், பக்கத்தில் 1913 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்பிள்ளைகளுக்காகத் தொடக்கின இராமநாதன் கல்லூரி. அந்த வளவில் 1960 இல் இசைக்கும் நடனத்துக்கும் என்று தொடங்கினதுதான் இராமநாதன் நுண்கலைக் கழகம். 1975 இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஊர்ச்சனம் இன்றைக்கும் ‘இராமநாதன் அக்கடமி’ என்றுதான் சொல்லும்.

அங்கே வாய்ப்பாட்டுப் படிக்கிற எங்கட சிநேகிதியைப் பார்க்கப் போயிருந்தோம். கதை பரீட்சையில் வந்து நின்றது. “நீங்கள் எல்லாம் யோசிச்சு எழுதிற ஆக்கள், நாங்கள் பாடமாக்கிப் பாடிற ஆக்கள், அப்பிடித்தானே?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தா. நாங்கள் மறுக்கவில்லை. உண்மையில் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இருந்தோம். பிறகு அவா ஒரு விளையாட்டுக் காட்டினா.

“ஏதாவது மேளகர்த்தா இராகத்தின்ர பேர் சொல்லுங்கோ.”

எங்களுக்குத் தெரிந்தது சங்கராபரணம் ஒன்றுதான்.

“அதின்ர முழுப்பேர் தீரசங்கராபரணம். முதல் இரண்டு எழுத்து தீ, ர. அப்ப இது 29ஆவது மேளம். 29 எண்டா 36க்குள்ள நிக்குது, ஆகவே சுத்த மத்திமம். ஆறு ஆறாப் பிரிச்சா அஞ்சாவது சக்கரத்தில அஞ்சாவது. அஞ்சாவது சக்கரம் எண்டா சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம். அதுக்குள்ள அஞ்சாம் இடம் எண்டா சதுஸ்ருதி தைவதம், காகலி நிஷாதம். முடிஞ்சுது.”

இதெல்லாம் சொல்லி முடிக்க அவாவுக்கு அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. அப்படியென்றால் 72 இராகத்தின் சுரங்களையும் பாடமாக்கி வைத்திருக்கிறாவோ? இல்லை. பாடமாக்கினது ஆறே ஆறு சோடிகள். ரிஷபமும் காந்தாரமும் சேரக்கூடிய ஆறு விதம். தைவதமும் நிஷாதமும் அதே ஒழுங்கில் ஆறு விதம். ஆறை ஆறால் பெருக்கினால் 36. மத்திமம் இரண்டு வகை என்பதால் 72. மிச்சம் எல்லாம் பெயருக்குள் இருக்கிறது.

பெயருக்குள் எண் எப்படி வந்தது? வடமொழி எழுத்து வரிசையில் ‘க’ வில் இருந்து ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். ‘ட’ வில் திரும்ப ஒன்று. ‘ப’ வில் திரும்ப ஒன்று. ‘ய’ வில் திரும்ப ஒன்று. அதனால் இதற்குப் பெயர் கடபயாதி. மாயாமாளவகௌளையில் ‘மா’ ப வரிசையில் ஐந்தாவது, ‘யா’ ய வரிசையில் முதலாவது. 5, 1. வலமிருந்து இடமாக வாசித்தால் 15. சரளிவரிசை தொடங்கிற பிள்ளைகள் முதன்முதலாகப் பாடுகிற அந்த இராகம் 15ஆவது மேளம். அனுமத்தோடியில் ‘ஹ’ எட்டு, ‘ந’ பூச்சியம். திருப்பினால் 08. சந்தியில் நிற்கிற ஆஞ்சநேயருக்கு எட்டாம் நம்பர் என்று நாங்கள் பகிடி விட்டோம்.

இந்த 72 மேளத் திட்டத்தை 17ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் வெங்கடமகி வகுத்தார். பின்னால் வந்தவர்கள் பெயர்களின் முன்னால் எழுத்துச் சேர்த்து எண்ணை ஒளித்து வைத்தார்கள். வெறும் சங்கராபரணம் ‘தீர’ சங்கராபரணம் ஆனதும், கல்யாணி ‘மேச’ கல்யாணி ஆனதும் இதற்காகத்தான்.

எங்களில் அந்த மூன்றுவரிக்காரன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: “இது பாடமாக்கினதோ, யோசிச்சதோ?”

சிநேகிதிக்கும் மறுமொழி தெரியவில்லை. “இந்த எழுத்தெண் எங்கட இசைக்கு முதலே சோதிடத்தில இருந்ததாம், மிஸ் சொன்னவா” என்று மட்டும் சொன்னா. அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் நூலகத்துக்குப் போனோம்.

புதுச்சேரி, 1825: மணலும் சோகியும்

ஜோன் வாரன் ஆங்கிலேயரிடம் வேலை பார்த்தவர். சென்னை வானியல் நோக்ககத்தின் பொறுப்பிலும் கொஞ்சக் காலம் இருந்தவர். தென்னிந்தியாவில் நாள், நட்சத்திரம், கிரகணம் எல்லாம் எப்படிக் கணிக்கிறார்கள் என்று விசாரித்து ‘கால சங்கலித’ என்ற பெரிய நூலை 1825 இல் சென்னையில் வெளியிட்டார்.

புதுச்சேரியில் அவர் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அவருடைய பெயரை வாரன் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார். திரும்பத் தமிழாக்கினால் சாமிநாதன் சேஷையா என்ற அளவில் வரும். இந்த மனிதர் நிலத்தில் சோகிகளைப் பரப்பி, ஒரு புத்தகமும் திறக்காமல், ஒரு சந்திர கிரகணத்தை வாரனுக்குக் கணித்துக் காட்டினார். கணக்குக்கு வேண்டிய அட்டவணைகள் எல்லாம் அவருடைய மனதில் இருந்தன. எண்களாக இல்லை, சொற்களாகவும் வாக்கியங்களாகவும். எங்கட சிநேகிதி இராகப் பெயரில் எண் எடுத்தாவே, அதே வழி.

1825 மே 31, ஜூன் 1 இரவுக்குரிய அந்தக் கிரகணம் பற்றி அவர் சொன்ன நேரங்களில் தொடக்கம் 4 நிமிடம், நடு 23 நிமிடம், முடிவு 52 நிமிடம் பிசகியிருந்தது. சோகியை மட்டும் வைத்துக்கொண்டு செய்த கணக்குக்கு இது எவ்வளவு கிட்ட என்று யோசித்துப் பாருங்கள்.

வாரன் அவரைப் பற்றி இரண்டு விசயம் பதிந்திருக்கிறார். ஒன்று, அவருக்கு அபாரமான ஞாபகசக்தி. தன்ர செய்கைகளை மனதிலும் நிலத்திலும் தெளிவாக ஒழுங்குபடுத்த அது உதவியது. மற்றது, அவர் செய்கிற கணக்குக்குப் பின்னால் இருக்கிற வானியல் கோட்பாடு அவருக்கு ஒன்றுமே தெரியாது.

1952 இல் வானியல் வரலாற்றாளர் ஓட்டோ நொய்கபாவர் ‘தமிழ் வானியல்’ என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். வாரன் பதிந்த கணக்கைத் திரும்பப் பிரித்துப் பார்த்து, பாபிலோனிய முறைகளோடு அதற்கு இருக்கிற ஒற்றுமையை அவர் காட்டினார்.

அந்த மனிதரின் மனதில் இருந்தது என்ன? சந்திரன் ஒவ்வொரு நாளும் ஒரே அளவு நகர்வதில்லை. ஒரு நாள் 12 பாகைக்குக் கிட்ட, இன்னொரு நாள் 15 பாகைக்குக் கிட்ட. பூமிக்குக் கிட்ட வரும்போது வேகம், எட்டப் போகும்போது ஆறுதல். இந்த ஓட்டம் ஒரு சுற்றுச் சுற்றி வர ஏறக்குறைய 27.55 நாள். இது முழுநாளில் முடியாது. ஆனால் ஒன்பது சுற்றுச் சேர்ந்தால் 248 நாளுக்கு மிக மிகக் கிட்ட வரும். ஆகவே 248 நாளுக்கு 248 வாக்கியம். ஒவ்வொரு வாக்கியத்துக்குள்ளும் அந்த நாளில் சந்திரன் நிற்கிற இடம். இவற்றை வரருசி செய்ததாக மரபு சொல்லும். வாக்கிய பஞ்சாங்கம் என்ற பெயரில் வருகிற ‘வாக்கியம்’ இதுதான். கொக்குவிலில் இருந்து வெளிவருகிற இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் எங்கட எத்தனையோ வீடுகளில் ஆணியில் தொங்குகிறது. அதில் இராகுகாலம் பார்க்கிற நாங்கள் அந்தச் சொல்லின் கருத்தை ஒருநாளும் கேட்டதில்லை.

கணிக்க வேண்டிய நாள் வந்தால் ஒரு தொடக்க நாளில் இருந்து எத்தனை நாள் போயிருக்கிறது என்று எண்ணி, தெரிந்த பெரிய சுற்றுகளைக் கழித்து, கடைசியில் 248க்குள் ஒரு மீதி எடுப்பார்கள். மீதி 100 என்றால் நூறாவது வாக்கியம். பெரிய கேள்வியைக் கழித்துக் கழித்துத் தெரிந்த ஒரு விடையின் வாசலுக்குக் கொண்டு வருகிற வேலை.

ஞாபகம் ஒரு பெட்டியோ?

இப்ப மூன்றுவரிக்காரனின் கேள்விக்கு வருவோம். இது பாடமாக்கினதோ, யோசித்ததோ?

ஞாபகத்தை நாங்கள் பெட்டி மாதிரி நினைக்கிறோம். சிலருக்குப் பெரிய பெட்டி, சிலருக்குச் சின்னன். உளவியல் ஆராய்ச்சி சொல்வது வேறு. 1956 இல் ஜோர்ஜ் மில்லர் ஒரு கட்டுரையில் காட்டினார்: ஒருதரம் கேட்டவுடன் மனிதர் பிடித்து வைக்கக்கூடியது ஏழு துண்டு, கூடினால் ஒன்பது, குறைந்தால் ஐந்து. ஆனால் ஒரு துண்டு எவ்வளவு பெரிது என்பது ஆளின் அறிவைப் பொறுத்தது. எழுதத் தெரியாதவருக்கு ‘மருதனார்மடம்’ ஒரு கோட்டுக் கூட்டம். எங்களுக்கு அது ஒரே துண்டு.

1973 இல் வில்லியம் சேஸ், ஹேர்பேட் சைமன் இருவரும் சதுரங்கக்காரரை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். நடந்துகொண்டிருக்கிற ஒரு ஆட்டத்தின் பலகையை ஐந்து செக்கன் மட்டும் காட்டி, பிறகு அதைத் திரும்ப அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் 16 காய் அளவில் சரியாக வைத்தார். புதிதாகப் பழகினவர் நாலு. பிறகு காய்களை ஒரு ஒழுங்கும் இல்லாமல் கண்டபடி வைத்துக் காட்டினார்கள். தேர்ந்தவரின் ஞாபகம் புதியவரின் அளவுக்கு இறங்கிவிட்டது. அவருடைய மனதில் பெரிய பெட்டி எதுவும் இருக்கவில்லை. அவர் கண்டது காய்களை இல்லை, தாக்குதலையும் காவலையும். அர்த்தம் போனதும் ஞாபகமும் போய்விட்டது.

இன்னொன்று 1980 இல் வெளியானது. அன்டர்ஸ் எரிக்சனும் சேஸும் இன்னொருவரும் ஒரு சாதாரண மாணவனுக்கு எண்களைச் சொல்லித் திரும்பச் சொல்ல வைத்தார்கள். தொடக்கத்தில் அவனும் ஏழு எண்தான். 230 மணித்தியாலத்துக்கு மேல் பழகின பிறகு 79 எண் சொன்னான். எப்படி? அவன் நெடுந்தூர ஓட்டக்காரன். 3492 என்று கேட்டால் ஒரு மைலை 3 நிமிடம் 49.2 செக்கனில் ஓடின நேரம் என்று மனதில் வைப்பான். எண்ணுக்குப் பதிலாக எழுத்துகளைச் சொன்னபோது அவனால் திரும்ப ஆறு அளவில்தான் சொல்ல முடிந்தது. அவனுடைய ஞாபகசக்தி வளரவில்லை. ஓட்டம் பற்றிய அறிவு எண்களைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இதை வைத்துப் பார்த்தால் புதுச்சேரிக் கணிதர் வெறும் ஒப்புவிப்புக்காரர் இல்லை. எந்த வாக்கியத்தை எப்ப எடுக்க வேண்டும், எதில் எதைக் கழிக்க வேண்டும், இடையில் வந்த எண்ணை எந்தச் சோகியில் நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஞாபகம் கொள்ளாததை நிலத்தில் இறக்கி வைத்தார். அடுத்த அடி எது என்று தெரிவது பிரச்சினை தீர்த்தலின் பெரிய பங்கு.

இணுவில் தவில்காரர்களைக் கேட்டாலும் இதுதான். அவர்கள் தங்கட வேலையைக் ‘கணக்கு’ என்றே சொல்லுவினம். ஆதி தாளத்தின் ஒரு ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. பத்து மாத்திரைச் சொல்லை மூன்று தரம், நடுவில் ஒவ்வொரு மாத்திரை இரண்டு தரம் விட்டு வாசித்தால், முடிகிற இடம் சரியாகச் சமத்தில் வந்து விழும். கைக்குச் சொல் பாடம். எங்கே எதை வைத்தால் விழும் என்று மேடையில் அந்தக் கணத்தில் போடுவது கணக்கு.

நாங்கள் அளவையியலில் செய்தது இதற்கு நேர் எதிர். விதிகளைப் பாடமாக்காமல் விடைகளைப் பாடமாக்கினோம். ஆறு சோடியை விட்டுவிட்டு 72 இராகத்தையும் தனித்தனியாக மனதில் ஏற்றப் பார்த்தோம். ஒழுங்கு மாறினவுடன், கண்டபடி வைத்த சதுரங்கப் பலகைக்கு முன்னால் நிற்கிற ஆள் மாதிரி நின்றோம்.

வட்டுக்கோட்டை, 1829

இந்த இடத்தோடு கட்டுரையை முடித்தால் எங்கட ஆக்களுக்குச் சந்தோசமாக இருக்கும். பழைய முறை பெரிசு, புதுசு சரியில்லை என்று ஒரு கைதட்டல் வாங்கலாம். ஆனால் கோட்பாடு தெரியாது என்று வாரன் எழுதின அந்த இரண்டாவது விசயம் மிச்சம் கிடக்கிறது. அதன் விலை என்ன என்று எங்கட யாழ்ப்பாணத்திலேயே தெரிந்தது, நாலு வருசத்துக்குள்.

அமெரிக்க மிசனரிமார் 1823 இல் தொடக்கின வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவர் டானியல் பூவர். பக்கத்து ஊரான அராலியில் பேர்பெற்ற பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியார். 1829 இல் வர இருந்த ஒரு சந்திர கிரகணத்துக்குச் சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் சொன்ன நேரமும் மறைப்பின் அளவும் செமினரியின் கணக்கோடு ஒத்துவரவில்லை. பூவர் அதை ஊரறியச் செய்தார். கிரகண இரவில் செமினரிக் கணக்குத்தான் சரியாக வந்தது. ரிச்சர்ட் பொக்ஸ் யங், ஜெபநேசன் இருவரும் 19ஆம் நூற்றாண்டு இலங்கையின் சமய விவாதங்களைப் பற்றி எழுதி 1995 இல் வெளியான நூலில் இந்தச் சம்பவத்தை விரிவாக எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

பூவரின் நோக்கம் வானியல் மட்டும் இல்லை. பஞ்சாங்கம் பிழைத்தால் புராணமும் பிழைக்கும், புராணம் பிழைத்தால் சமயமும் பிழைக்கும் என்பது அவர் எண்ணம். அந்தக் கண்ணி சரியில்லை. கிரகணம் கணித்த சித்தாந்த நூல்கள் பூமியை உருண்டையாகவும், கிரகணத்தை நிழலாகவும் வைத்தே கணக்குப் போட்டன. பாம்பு விழுங்குவதாக இல்லை. அதே செமினரியின் பிந்தின தலைவர் ஹென்றி ஹொய்சிங்ரன் இதை விளங்கிக்கொண்டவர். தமிழில் இருந்த வானியல் நூலைக் குறிப்புகளோடு ஆங்கிலத்தில் பெயர்த்து ‘ஓரியண்டல் அஸ்ட்ரோனொமர்’ என்று 1848 இல் யாழ்ப்பாணத்திலேயே அச்சிட்டார்.

ஆனாலும் அந்த இரவு சாஸ்திரியார் தரப்புத் தோற்றது உண்மை. ஏன்? செமினரிக்காரர் யோசித்தார்கள், பஞ்சாங்கக்காரர் பாடமாக்கினார்கள் என்று சொன்னால் அது அரைகுறை. அட்டவணை இல்லாமல் அந்தக் காலத்தில் ஒருவரும் கிரகணம் கணிக்க ஏலாது. செமினரியின் கணக்கும் அட்டவணை பார்த்துப் போட்டதுதான். வித்தியாசம் இதுதான்: ஐரோப்பிய அட்டவணைகளை நோக்ககங்களில் வானத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். வாக்கிய அட்டவணை பல நூற்றாண்டுக்கு முந்தின எண்களில் நின்றுவிட்டது. ஒன்பது சுற்று ‘கிட்டத்தட்ட’ 248 நாள்தான், சரியாக 248 இல்லை. இப்படியான சின்னப் பிசகுகள் சேர்ந்து சேர்ந்து பெரிதாகும். அதைத் திருத்த வேண்டுமென்றால் 248 எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். அந்த ‘ஏன்’ தெரியாதவர் கணிக்கலாம். திருத்த ஏலாது.

‘ஏன்’ எங்கே தொலைந்தது?

எங்கட மரபில் ‘ஏன்’ கேட்டவர்கள் இல்லை என்றும் சொல்ல ஏலாது. கேரளத்தில் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சங்கமகிராம மாதவன் அந்த 248 வாக்கியங்களையும் புதிதாகச் செய்தான். பழையதில் பாகையும் கலையும் வரை இருந்த நுட்பத்தை விகலை வரைக்கும், அதாவது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு வரைக்கும் கொண்டு போனான். அந்த மரபில் வந்த பரமேசுவரன் ஐம்பது வருசத்துக்கு மேல் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துப் பதிந்து, கணக்கும் காட்சியும் ஒத்துவராததைக் கண்டு 1431 இல் ‘திருக்கணிதம்’ என்ற திருத்தின முறையைத் தந்தான். ‘திருக்’ என்றால் பார்வை. கண்ணால் கண்டதோடு ஒத்துப்போகிற கணிதம். யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் நாளும் நேரமும் வேறாகச் சொல்லி, எங்கட வீடுகளில் வருசப் பிறப்புக்கு எந்த நேரம் மருத்துநீர் வைக்கிறது என்று வாக்குவாதம் வருமே, அந்தச் சண்டையின் வேர் இதுவரைக்கும் போகிறது.

ஆகவே ஒரே முறைக்குள் மூன்று வேலை இருந்திருக்கிறது: செய்தவர், திருத்தினவர், பாடமாக்கிப் பாவித்தவர். மூன்றாவது வேலைக்கு ஆள் நிறைய. முதல் இரண்டுக்கும் மிகக் குறைவு. காலம் போகப் போக மூன்றாவது மட்டும் ஊர் ஊராக மிஞ்சியது. ‘ஏன்’ என்பது சில குடும்பங்களுக்குள், சில ஏடுகளுக்குள் நின்றுவிட்டது.

கணக்குப் படிப்புக்கும் இதே கதைதான். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் எண்சுவடி சொன்னார்கள். 320இல் ஒரு பங்கான முந்திரி, 80இல் ஒரு பங்கான காணி, 20இல் ஒரு பங்கான மா என்று பின்ன வாய்பாடுகள் எல்லாம் வாயில். இதைப் பற்றி நிறைய ஆராய்ந்த செந்தில் பாபு, அங்கே ஞாபகம் என்பது வெறும் ஒப்புவிப்பாக இல்லாமல் கற்றலின் ஒரு முறையாகவே இருந்தது என்று காட்டுகிறார். நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் கூலி பிரிக்கவும் அந்த வாய்பாடு அன்றாடம் வேண்டியிருந்தது. வாய்பாடு சொன்ன பிள்ளை வயலில் கணக்குத் தீர்த்தது. பிறகு பரீட்சையும் பாடப்புத்தகமும் வந்தபோது ஒப்புவிப்பு மட்டும் பள்ளிக்கூடத்துக்குள் வந்தது. வயல் வெளியில் நின்றுவிட்டது.

ஆனால் அந்தத் திண்ணையைக் கோயிலாக்கவும் நாங்கள் தயாரில்லை. திண்ணையில் எல்லாரையும் இருத்தவில்லை. சாதி பார்த்துத்தான் இடம். பெண்பிள்ளைகள் அநேகமாக இல்லை. பிரம்பு தாராளம். 1913 இல் மருதனார்மடத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு கல்லூரி எழுந்தது ஏன் பெரிய விசயம் என்பது இதோடு வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். அன்றைக்கு வாக்கியம் சொல்லிக் கணக்குப் போட்டவர்களின் வட்டத்துக்குள் எங்கட சிநேகிதியின் பூட்டிக்கு இடம் கிடைத்திருக்காது. இன்றைக்கு அதே எழுத்தெண்ணை அவா எங்களுக்குச் சொல்லித் தருகிறா. சொல்லித் தரும்போது ஆறு சோடி ஏன் ஆறு என்பதையும் சேர்த்தே சொன்னா.

கடைசியாக, எங்கட மூன்று வரி

பாடமாக்கிறதை ஒழிக்க வேண்டும் என்று முகநூலில் எழுதுகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. தலையில் ஒன்றும் இல்லாமல் ஒருவராலும் யோசிக்க ஏலாது. “கூகிள்ல தேடலாம்தானே” என்றும் சொல்லுவினம். தேடிறதுக்கும் என்ன தேட வேண்டும் என்று தெரிய வேண்டுமே. எங்கட முறைப்பாடு ஒன்றுதான்: எங்களுக்கு விடையைப் பாடமாக்கத் தந்தார்கள், விதியையும் அதன் காரணத்தையும் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் நேரம் போகும், சிலபஸ் முடியாது.

போன மாதம் மூன்றுவரிக்காரன் பழைய கொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தான். பரீட்சை முடிந்து மூன்று வருசம், இனி அதால் ஒரு புள்ளியும் கிடைக்காது. விதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதினோம். ஒவ்வொன்றுக்கும் ஏன் அது சரி என்று சொல்லாமல் அடுத்ததுக்குப் போறதில்லை என்று ஒப்பந்தம். ‘மழை பெய்தால் வீதி நனையும், வீதி நனையவில்லை’ என்ற இடத்திலேயே அரை மணித்தியாலம் சண்டை பிடித்தோம். பிறகு ஒராள் எழுத்தையும் ஒழுங்கையும் மாற்றிப் போட, மற்றாள் தீர்க்கிறது. அன்றைக்கு நின்றுபோன அந்தக் கணக்கை அவன் ஒன்பது வரியில் முடித்தான். சேரின் விடையில் பதினொன்று. பிழை எங்கே என்று மூன்று பேரும் தேடினோம். பிழை இருக்கவில்லை.

இப்ப உயர்தர வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு வந்து இருக்கினம். காசு இல்லை, போட்டோக்கொப்பியும் இல்லை. வேண்டுமானால் நீங்களும் வாருங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. இந்த வருசத்து வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் வாங்கி வைத்திருக்கிறோம். அடுத்து இங்கே தெரியக்கூடிய சந்திர கிரகணம் வரட்டும். வானம் வெளித்திருந்தால் மருதனார்மடத்தில் சிநேகிதி வீட்டு மொட்டை மாடியில், இரண்டு பஞ்சாங்கத்தின் நேரத்தையும் குறித்துக்கொண்டு, கையில் மணிக்கூட்டோடு இருப்போம். எது எத்தனை நிமிடம் பிசகியது, ஏன் என்று இங்கேயே எழுதுவோம்.